பெட்டைக்குட்டியும் அரளிச்செடியும்

அரளி நஞ்சு என்று எனக்கு எந்த ஆசிரியரும் சொல்லித்தரவில்லை. பள்ளியில் தாவரவியல் வகுப்பில் செம்பருத்தியைப் பிளந்து பார்த்தோம். அரளியைத் தொட்டதே இல்லை. ஆனாலும் பத்து வயதுக்குள் எனக்கு அது தெரிந்திருந்தது. என்னோடு படித்த எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. தெருவில் ஓர் அக்காவைப் பற்றிப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசியபோது தெரிந்தது. திரைப்படத்தில் கைவிடப்பட்ட ஒருத்தி கொல்லைப்புறம் நோக்கிப் போனபோது தெரிந்தது. வீட்டுச் சண்டையின் உச்சத்தில் ஒரு பெண் அந்தச் செடியின் பெயரைச் சொன்னதும் எல்லோரும் ஒரு நிமிடம் அடங்கியபோது தெரிந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலும் 1980களிலிருந்து மஞ்சளரளிக்கு இதே பெயர்தான் வந்து சேர்ந்தது.

தாவர நஞ்சு பற்றிய அறிவு நம் பெண்களிடம் நிறையவே இருக்கிறது. ஆனால் அது கிசுகிசுப்பாக, சாவோடு சேர்த்தே நமக்கு வருகிறது. அதே அறிவைச் சத்தமாக, வரிசையாக, ஓர் உயிரைக் காப்பதற்காகப் பேசிப் பார்த்தது எங்கள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்த பிறகுதான்.

சேலத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் ஒரு மார்கழியில் தெருநாய் ஒன்று ஐந்து குட்டி போட்டது. இரண்டு ஆண், மூன்று பெட்டை. ஆண்குட்டிகள் இரண்டும் கண் திறந்த கையோடு ஆளுக்கொன்றாகப் பேசி முடிக்கப்பட்டன. மற்ற மூன்றையும் தூக்கி, வாலுக்கடியில் பார்த்துவிட்டுத் திரும்பக் கீழே விட்டார்கள். "பெட்டைங்களா? வேண்டாங்க, குட்டியா போட்டுத் தள்ளும்." கருத்தடை செய்ய வசதி இருக்கிறது என்று சொன்னால், ஒரு நாய்க்கு இவ்வளவா என்று சிரித்தார்கள். ஒரு காலையில் மூன்றில் இரண்டைக் காணோம். யாரோ சாக்கில் போட்டு ஏரிக்கரைப் பக்கம் கொண்டுபோனதாகப் பேச்சு. மிஞ்சிய ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது.

என் மாமியாருக்கு எழுபத்து நான்கு வயது. தருமபுரிப் பக்கத்துக் கிராமம். நாயை வீட்டுக்குள் சேர்ப்பது அவருக்குப் பிடிக்காத விஷயம். ஆனால் இதைப் பார்த்துவிட்டு, "பெட்டைன்னா எல்லாத்துக்கும் ஒரே கணக்குதான் போல" என்று மட்டும் சொல்லி, பழைய சேலை ஒன்றை மடித்துப் போட்டார்.

மூன்று மாதம் ஆனதும் குட்டிக்குப் பல் மாற ஆரம்பித்தது. ஏறத்தாழ ஏழு மாதம் வரை நாய்க்குட்டிக்கு ஈறு ஊறிக்கொண்டே இருக்கும். செருப்பு, துடைப்பம், வேர், இலை எல்லாம் வாய்க்குள் போகும். தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது கால்நடை மருத்துவர், "தோட்டத்தில் என்னென்ன செடி இருக்கிறது? எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். அவரும் பெண். அந்தப் பட்டியலை நானும் அத்தையும் சேர்ந்து எழுதினோம். என்னிடம் பெயர்கள் இருந்தன. அவரிடம் இலையைக் கிள்ளினால் பால் வருமா, விதை எப்போது வெடிக்கும், ஆடு வாய் வைக்குமா என்ற கணக்கு இருந்தது.

முதலில் அரளி. சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கும் அரளிக்கு இலை நீண்டு, ஒடுங்கி, தடித்திருக்கும். ஒரு கணுவில் பெரும்பாலும் மூன்று இலைகள் சுற்றி நிற்கும். மஞ்சளரளியின் இலை இன்னும் மெல்லியது, கிள்ளினால் வெள்ளைப் பால் வரும். பூ புனல் போல, காய் பச்சையாக, முனை மழுங்கிய முக்கோணம் போல இருந்து பிறகு கறுக்கும். இரண்டிலும் வேர் முதல் பூ வரை இதயத்தின் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு இருக்கிறது. காய்ந்த சருகிலும் அது போவதில்லை. கடித்த நாய்க்கு எச்சில் ஒழுகும், வாந்தியும் பேதியும் வரும், பிறகு நாடி தப்பும். நான்குவழிச் சாலைகளின் நடுவே மைல் கணக்கில் அரளி நிற்பதற்கு ஒரு காரணம், ஆடுமாடுகள் அதைத் தின்னாது என்பது. "ஆட்டுக்குத் தெரியுது கண்ணு, குட்டிக்குத் தெரியுமா?" என்றார் அத்தை.

மனிதர்களுக்கும் எப்போதும் தெரிவதில்லை. கேரளத்தில் 2024இல் ஓர் இளம்பெண் இறந்துபோனார். அரளி இலையைக் கடித்தது காரணமாக இருக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. அதன் பிறகு அங்குள்ள தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ வேண்டாம் என முடிவெடுத்தன.

அரளிக்கு நெருங்கிய உறவுக்காரி ஒருத்தி மொட்டைமாடித் தொட்டிகளில் வேறு பெயரில் இருக்கிறாள். அடினியம். நர்சரிகளில் 'பாலைவன ரோஜா' என்று விற்கிறார்கள். அடி பருத்து, உச்சியில் இளஞ்சிவப்பாகப் பூக்கும். ரோஜா நாய்க்குக் கெடுதல் இல்லை. ஆனால் இந்த ரோஜா ரோஜா இல்லை. இதிலும் அரளியின் நஞ்சு போன்றதே இருக்கிறது. பெயரை நம்பி எதையும் வாங்காதே என்று பெண்பிள்ளைகளுக்குச் சொல்வது செடிக்கும் பொருந்தும்.

கல்லூரி வாசல், அலுவலக வாசல், கல்யாண மண்டப வாசல் எங்கும் நிற்பது சைகஸ். குட்டைத் தென்னை போல இருக்கும், விறைத்த கீற்று, கூர்மையான முனை. இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரத்தின் நடுக்குருத்தில்தான் விதை காய்க்கும். அந்த விதைதான் மற்றப் பாகங்களைவிடக் கொடியது. தின்ற நாய் முதலில் வாந்தி எடுக்கும், சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது இரண்டு மூன்று நாளில் ஈரல் கெடும். எங்கள் வீட்டு உரிமையாளர் ஆசையாக வைத்த சைகஸைப் பேசிச் சம்மதிக்க வைத்துப் பெயர்த்துக் கொடுத்தோம்.

வீட்டுக்குள் மணிபிளான்ட்டும் டிபன்பேக்கியாவும் இருந்தன. இவற்றைக் கடித்தால் பெரும்பாலும் உயிர் போகாது. ஆனால் வாய், நாக்கு, தொண்டை எல்லாம் எரிந்து வீங்கும். காரணத்தை மருத்துவர் சொல்லத் தொடங்கியதுமே அத்தைக்குப் புரிந்துவிட்டது. "கருணைக்கிழங்கு அரிக்கிற மாதிரிதானே?" அதேதான். கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு ஊசி ஊசியாக இலைக்குள் இருக்கிறது. கிழங்கில் இருப்பதும் அதுதான். கருணையைப் புளி விட்டு வேகவைக்க வேண்டும் என்று தெரிந்த ஒவ்வொரு பெண்ணும் இந்த வேதியியலைத் தினம் அடுப்படியில் கையாண்டவள். அதற்கு யாரும் அவளுக்குப் பட்டம் கொடுக்கவில்லை. டிபன்பேக்கியாவுக்கு ஆங்கிலத்தில் ஊமைக்கரும்பு என்று பொருள்படும் பெயர் இருக்கிறது. நாக்கு வீங்கிப் பேச்சை அடைத்துவிடும் என்பதால் வந்த பெயர்.

வேலியில் ஆமணக்கு இருந்தது. கைவிரல்களை விரித்தது போன்ற இலை, முள் முள்ளாய்க் காய்க்கொத்து, உண்ணி போலப் புள்ளியிட்ட விதை. மென்ற விதையிலிருந்து வெளிவரும் நஞ்சு உடனே காட்டாது. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் இரத்தப் பேதியும் தொடங்கும். செடியைவிடவும் நான் கவனித்தது உர மூட்டையை. ஆமணக்குப் புண்ணாக்கை மண்ணில் கலந்தால் நாய்கள் ருசிக்காகத் தோண்டித் தின்னும். அதே வேலியில் குன்றிமணிக் கொடியும் படர்ந்திருந்தது. களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிற சிவப்பும் கறுப்புமான விதை. ஓடு கெட்டியாக இருக்கும்வரை ஆபத்து குறைவு. கடித்து உடைந்தால் ஆமணக்கைவிடவும் மோசம். ஊமத்தைக்கு வெள்ளை எக்காளப் பூ, முள்ளுருண்டைக் காய். பெயரே 'உன்மத்தம்' என்பதிலிருந்து வந்தது. தின்ற நாய்க்கு வாய் வறண்டு, கண்பாவை விரிந்து, நிலைகொள்ளாமல் திரியும்.

செங்காந்தள் எங்கள் தோட்டத்தில் இல்லை. என் பாடத்தில் இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த தொண்ணூற்றொன்பது பூக்களைத் தோழி செவிலித்தாயிடம் அடுக்கிச் சொல்கிறாள். முதலில் வருவது செங்காந்தள். இன்று அது நம் மாநில மலர். இலையின் நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டிருக்கும், இதழ் நெருப்பு போல நெளிந்து பச்சையும் மஞ்சளுமாகத் தொடங்கிச் சிவக்கும். கிழங்கு கலப்பை வடிவில் இருக்கும். கண்வலிக்கிழங்கு என்பது அதுதான். மருந்துக்காகத் தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். செடி முழுவதும் நஞ்சு, கிழங்கில் அதிகம். மண்ணைத் தோண்டும் நாய்க்கு அதுதான் முதலில் அகப்படும். இருபது ஆண்டுகளாக அந்தப் பட்டியலை வகுப்பில் அழகாக நடத்தி வருகிறோம். தினைப்புனம் காத்த அந்தப் பெண்களுக்கு எதைத் தொடலாம், எதைத் தின்னக்கூடாது என்பது தெரியாமலா இருந்திருக்கும்?

பட்டியலில் கடைசியாக வந்தது எருக்கு. சுற்றுச்சுவர் ஓரம் தானாக முளைத்திருந்தது. பால் கண்ணில் பட்டால் புண்ணாகும், மற்றபடி இந்தக் கசப்பை நாய் தேடிப் போகாது, விட்டுவிடலாம் என்றேன். அத்தை பதில் சொல்லாமல் மண்வெட்டி எடுத்து வந்தார்.

"நாய்க்காக இல்ல கண்ணு."

அடியோடு தோண்டி எடுத்த பிறகுதான் பேசினார். "எங்க அண்ணிக்கு மூத்தவளுக்கு அடுத்தாப்ல ரெண்டு பொறந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னார். நானும் கேட்கவில்லை. உசிலம்பட்டியில் நடந்ததை 1986இல் 'இந்தியா டுடே' எழுதியபோதுதான் நாடு திடுக்கிட்டது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் எங்கள் சேலத்தில்தான் தொடங்கியது. எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் அந்த ஆண்டுகளில் செய்தித்தாள் சொற்களாயின. பாலைப் புகட்டிய கை ஏதோ ஒரு கிழவியுடையதாகவோ தாயுடையதாகவோ இருந்தது. சிறைக்குப் போனதும் பெரும்பாலும் அந்தக் கைதான். வரதட்சணையை எண்ணிய கை, நிலத்தை மகனுக்கு எழுதிய கை, அடுத்ததும் பெண்ணென்றால் வீட்டுக்கு வராதே என்று கதவைச் சாத்திய கை எதையும் புகட்டவில்லை. ஆகவே அவற்றின் மீது வழக்கு இல்லை.

பட்டியலை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனோம். நாய் எதையாவது தின்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். வாயில் மிச்சம் இருப்பதை எடுத்துவிட்டு, தின்ற செடியில் ஒரு கிளையை உறையில் போட்டுக்கொண்டு, எத்தனை மணிக்குத் தின்றது என்று குறித்துக்கொண்டு உடனே புறப்பட வேண்டும். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மணிபிளான்ட் மாதிரி வாயை எரிக்கும் செடியென்றால் வாயைத் தண்ணீரால் கழுவலாம். உப்புத் தண்ணீர், எண்ணெய் எதையும் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மூச்சுக்குழாயில் இறங்கும், உப்பே நஞ்சாகும்.

"சாணியக் கரைச்சு ஊத்தக் கூடாதா?" என்று கேட்டார் அத்தை. கூடவே கூடாது என்றார் மருத்துவர். திரும்பும் வழியில் ஆட்டோவில் அத்தை சொன்னார்: "ஊர்ல பொம்பளைங்களுக்கு அதத்தான் ஊத்துவாங்க. காப்பாத்தறதுக்கா, அசிங்கப்படுத்தறதுக்கான்னு அப்பவே எனக்குத் தெரியல."

செம்பருத்தி, மல்லிகை, ரோஜா தோட்டத்தில் இருக்கின்றன. அரளி எங்கள் பக்கம் இல்லை. பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல் எட்டிப் பார்க்கிறது. அதன் உதிர்ந்த இலைகளை அத்தை தினமும் காலையில் கூட்டி அள்ளுகிறார். பக்கத்து வீட்டு ஐந்து வயதுப் பெண்ணையும் கூப்பிட்டு இலையைக் காட்டி, "இது விஷம், வாயில வச்சா நெஞ்சு அடைக்கும், நீயும் வைக்காத, குட்டிக்கும் குடுக்காத" என்று முழுக் குரலில் சொல்கிறார். அந்தக் குழந்தைக்கு அரளி நஞ்சு என்பது இப்படித்தான் தெரிய வருகிறது.

இந்த ஆண்டு குறிஞ்சிப்பாட்டு நடத்தும்போது மாணவிகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். தத்தம் வீட்டைச் சுற்றியோ விடுதியைச் சுற்றியோ உள்ள பத்துச் செடிகளின் பெயரை எழுதி, எது உடம்புக்கு என்ன செய்யும் என்பதை வீட்டுப் பெண்களிடம் கேட்டு எழுதி வரச் சொன்னேன். நாய், பூனை, ஆடு வளர்ப்பவர்கள் அவற்றுக்கு ஆகாததையும் குறிக்கச் சொன்னேன். முருங்கைக்குப் பேத்தியின் பெயர் வைத்த பாட்டி வரை எல்லாம் வந்தது. ஒருத்தியின் தாளில் அரளிக்கு எதிரே இப்படி எழுதியிருந்தது: "நாய்க்கு ஆகாது. எனக்கும் ஆகாது."

அதில் எதையும் திருத்தவில்லை. அன்று மாலை வகுப்பு முடிந்ததும் அவளைக் காத்திருக்கச் சொல்லி, கேன்டீனில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினேன். முதலில் அவள் வீட்டு நாயைப் பற்றித்தான் பேசினோம்.