சிரித்தது நாங்கள்தான்

உயர்தரத்தில் வர்த்தகம் படித்துவிட்டுக் கலைப்பீடத்துக்கு வந்த நாங்கள் சிலர், யாழ்ப்பாணத்தில் ஒரே ரியூசனில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். கணக்கீட்டுச் சேர் கணக்கில் பிழை பிடிப்பதையும் கரும்பலகையில்தான் படிப்பிப்பார். "இதுக்கெல்லாம் சொஃப்ட்வெயார் இருக்காம், சேர்" என்றோம். "சோதினையில தாள்தானே பிள்ளையள் தருவாங்கள்" என்றார்.

ஆனாலும் ஒருநாள் மடிக்கணினியோடு வந்தார். எக்செலில் ஒரு நீளப் பட்டியல். ஒரே வவுச்சர் இலக்கம் இரண்டு தரம் பதிவான இடத்தைப் பிடித்துக் காட்டப் பார்த்தார். கை தடுமாறியது. பின்வாங்கில் சிரிப்பு. நாங்களும் சிரித்தோம். பிறகு அவர் அதைக் கொண்டுவரவேயில்லை.

புதுத் தொழில்நுட்பத்தை ஆட்கள் ஏற்பதற்கு, அது பயன்படும், பாவிக்க லேசு என்ற இரண்டு எண்ணங்களும் முக்கியம் என்று 1989இல் ஃபிரெட் டேவிஸ் எழுதினார். 2003இல் வெங்கடேஷும் அவரும் வேறு இருவரும் சேர்ந்து, சுற்றியிருப்பவர்களின் எண்ணத்தையும் கிடைக்கும் உதவியையும் அதோடு சேர்த்தார்கள்.

சேருக்குப் பயன் தெரியாமலில்லை. ஐடியா, ஏசிஎல் போன்ற கணக்காய்வு மென்பொருள்களால் மாதிரிக்குச் சிலதை மட்டும் பார்க்காமல் எல்லாப் பதிவையும் துழாவ முடியும். ஆனால் அவருக்குச் சோதினை அதைக் கேட்கவில்லை, பழக்கிவிட ஆளில்லை, முன்னால் நாங்கள் இருந்தோம்.

"ரீச்சர்மார் மாறமாட்டினம்" என்று கன்ரீனில் யாரும் கதைத்தால் இப்ப எங்களுக்குக் குத்துது. அண்டைக்கு ஒருத்தர் எழும்பிப்போய் உதவியிருக்கலாம். எங்களில் இரண்டு பேருக்கு அது தெரியும்.