மரை கழண்ட கதை

எங்க வீட்டு ஷெட்ல ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிக்குதுன்னு ஏற்கனவே உங்ககிட்ட புலம்பியிருக்கேன். இங்கிலாந்துல 1959-ல டிரையம்ப் ஹெரால்டுன்னு வந்து, 1961-லேர்ந்து நம்ம மெட்ராஸ்லயே ஸ்டாண்டர்டுங்கற பேர்ல செஞ்ச வண்டி. அப்பா செகண்ட் ஹேண்டா வாங்கினது. அவர் போனதுக்கப்புறம் அதை ஓட வைக்கணும்னு கிளம்பினேன். "மரை கழண்டுடுச்சா?"ன்னு தங்கமணி கேட்டாங்க. அவங்க வாய் முகூர்த்தம், நிஜமாவே மரைலதான் வந்து மாட்டினேன் :-)

இங்க ஒரு சின்ன கொசுவத்தி. 1978-ல ஏற்காட்டுலேர்ந்து இறங்கும்போது இந்த வண்டில பிரேக் போயிடுச்சு. பெடல் பொதுக்குன்னு அடி வரைக்கும் போச்சாம். அந்தக் காலத்து வண்டில நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் லைன். எங்க ஒரு இடத்துல உடைஞ்சாலும் நாலும் காலி. ஹேண்ட் பிரேக் மட்டும் தனியா கேபிள்ல வேலை செய்யும். அப்பா அதை இழுத்து, கியரைக் குறைச்சு, மலைப்பக்கம் ஒரசி நிறுத்தினார். அன்னிலேர்ந்து அம்மா அந்த வண்டில முன் சீட்ல உக்காந்ததே இல்ல.

அதனால இஞ்சினை விட பிரேக்தான் எனக்கு முக்கியம். பழைய பைப் எல்லாம் துரு. பைப் முனைல இருக்கிற பிளேர் நட்டை சாதா ஸ்பேனர் போட்டுத் திருகினதுல பாதி நட்டோட மூலை மழுங்கிடுச்சு. ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்த ஒரு சனிக்கிழமை புதுப்பேட்டைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி பழைய நட்டைக் கைல வாங்கி உருட்டிப் பாத்துட்டு ஒரு கைப்பிடி நட்டு கொடுத்தார். "இதான் சார், உக்காந்துக்கும்."

வீட்ல வந்து மாட்டினா, கொஞ்சம் டைட்டா இருந்துச்சு. டைட்டா இருந்தா நல்லதுதானேன்னு ஸ்பேனரை வச்சு அழுத்தித் திருப்பிட்டேன். ஆயில் ஊத்தினா பின்பக்கத்து டீ ஜாயிண்ட்ல சொட்டு சொட்டா கசிவு. டெஃப்லான் டேப் சுத்தச் சொன்னார் ஒரு மெக்கானிக். சுத்தினேன். அப்பவும் சொட்டு. நொந்து நூடுல்ஸ் ஆகி, அந்த டீயை அப்படியே கழட்டி எடுத்துக்கிட்டு தெருமுனை லேத் பட்டறைக்குப் போனேன்.

அங்க இருக்கிற பெரியவர் டேப்பைப் பாத்ததுமே முறைச்சார். "தம்பி, இது தண்ணிக் குழாயா? பிரேக்குல மரை அடைக்காது. விரிச்ச பைப் முனை உள்ள போய் அழுந்தி உக்காருது பாரு, அதான் அடைக்கும். மரை அதை அழுத்தத்தான்."

அப்புறம் திரெட் கேஜ் எடுத்து பழைய நட்டுல வச்சார். 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. புது நட்டுல வச்சார். 10 மில்லி, மரைக்கு மரை 1 மில்லி. 3/8 அங்குலம்னா சுமார் 9.5 மில்லி. அரை மில்லிதான் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நட்டைக் கழட்டிக் காமிச்சார். டீ பித்தளை, நட்டு இரும்பு. இரும்பு போய் பித்தளையோட மரையை அறுத்து வச்சிருந்துச்சு. ரெண்டு விரல்ல தேய்ச்சா மஞ்சத்தூள் மாதிரி வந்துச்சு.

"சும்மா நிக்கும்போது பிடிக்கும். ஓங்கி மிதிக்கிற அன்னிக்குத்தான் பிச்சுக்கிட்டு வரும். வண்டி கிளம்பலைன்னா தள்ளிக்கலாம். நிக்கலைன்னா என்ன பண்ணுவே?"

எனக்கு ஏற்காடு ஞாபகம் வந்துச்சு. பதில் பேசல.

திரும்ப புதுப்பேட்டை. மூணு வாரம் அலைஞ்சு ஒரு செத்த ஹெரால்டுலேர்ந்து நல்ல டீ ஒண்ணு கிடைச்சுது. மூலை மழுங்காத பழைய நட்டு அஞ்சைத் தேய்ச்சு, கேஜ் வச்சுப் பாத்து எடுத்துக்கிட்டேன். மிச்சம் லண்டன்ல இருக்கிற மச்சான் தயவு. டிரையம்புக்கு அங்க இன்னிக்கும் ஸ்பேர் கிடைக்குது. ஊருக்கு வரும்போது ஒரு டஜன் நட்டை மாத்திரை டப்பாவுல போட்டுக் கொண்டு வந்தார். மெட்ராஸ்ல பொறந்த வண்டிக்கு நட்டு லண்டன்லேர்ந்து!

போன ஞாயித்துக்கிழமை எல்லாம் மாட்டி, காத்து எடுத்து, ஒவ்வொரு ஜாயிண்ட்டுக்கு அடியிலயும் பேப்பர் விரிச்சு ராத்திரி பூரா விட்டேன். காலைல பாத்தா ஒரு சொட்டு இல்ல. ஷெட் வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவுல முப்பது தடவை ஓட்டி ஓட்டி நிறுத்திப் பாத்தேன்.

அம்மா திண்ணைல உக்காந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருந்தாங்க. கடைசில எழுந்து வந்து பின் கதவைத் தொட்டாங்க. கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டு, முன் கதவைத் திறந்து உக்காந்தாங்க. பிள்ளையார் கோயில் வளைவு வந்ததும், "இங்க பிரேக் போடுடா, பாக்கலாம்"னாங்க.

போட்டேன். நின்னுச்சு.

டிஸ்கி: பழைய நட்டை, எவ்வளவு துருவா இருந்தாலும், புது நட்டு கேஜ்ல சரிபாக்கற வரைக்கும் தூக்கிப் போட்டுடாதீங்க. திரெட் கேஜ் ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க. பிரேக் லைன்ல டேப் சுத்தச் சொல்ற மெக்கானிக்குக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.