எத்தனை வெள்ளி வரும்?

கைலியும் துண்டும் விற்கும் இணையக் கடைக்கு விலை போடுவது என் வேலை. எங்கள் ஊரான குமாரபாளையத்தில் பைசா கணக்கு எல்லோருக்கும் அத்துபடி. தறிக்கூலி மீட்டருக்கு எவ்வளவு, நூல் கிலோவுக்கு எவ்வளவு ஏறியது என்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். ஆனால் மலேசியாவின் கிள்ளானிலிருந்து போன் செய்பவர் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணே, இது எத்தனை வெள்ளிங்க வரும்?" அவர் ரூபாயில் சம்பளம் வாங்குவதில்லை, ரூபாயில் மளிகை வாங்குவதில்லை. 1,770 ரூபாய் என்றால் அது சல்லிசா, கூடுதலா என்று அவருக்குச் சட்டென்று பிடிபடாது. பிடிபடும்படி சொல்வது கடைக்காரன் பொறுப்பு என்பது என் கட்சி.

இதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது என்ன செய்யும் என்று பாருங்கள். மூன்று கைலி கொண்ட ஒரு கட்டு. சரக்கு, பேக்கிங், தபால் கூலி, பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,770 ரூபாய். ஒரு ரிங்கிட், அதாவது அவர் சொல்லும் வெள்ளி, 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 88.50 வெள்ளி வரும். விகிதம் ஏறி இறங்குவதற்காக 3 சதவீதம் சேர்த்தால் 91.16. மெஷின் அதை அப்படியே திரையில் போட்டுவிடும். மலேசியாவில் 2008 ஏப்ரலிலிருந்து ரொக்க பில்லை 5 சென்னுக்கு முழுமையாக்கித்தான் வாங்குகிறார்கள். 91.16 என்று விலைச்சீட்டு ஒட்டிய கடையை அந்த வாடிக்கையாளர் பார்த்தே இருக்கமாட்டார். நாளைக்கு அது 90.87 ஆகும், மறுநாள் 91.40 ஆகும். யோசித்து வாங்கலாம் என்று மூடிவைத்தவர் திரும்பி வந்து பார்த்தால் வேறு விலை. இந்தக் கடையை எப்படி நம்புவார்? நான் 92 என்று போடுவேன். 90 போட்டால் கையைக் கடிக்கும். 92 என்று போட்டால் அந்த மாதம் முழுக்க 92தான். மில்கள் மாதத் தொடக்கத்தில் நூல் விலை அறிவிக்கும்போது நானும் விகிதத்தைச் சேர்த்துப் பார்த்து விலையைத் திருத்துவேன்.

விகிதம் ஆடினால் அந்த ஆட்டத்தை யார் தாங்குவது? இதைத் தீர்மானிக்காமல் விலை போடவே முடியாது. நம் ரூபாய் வளைகுடாவில் புழங்கிய காலம் உண்டு. 1959-ல் ரிசர்வ் வங்கி அங்கே மட்டும் செல்லும் தனி நோட்டுகளை வெளியிட்டது. 1961-ல் குவைத் தன் தினாரைக் கொண்டுவந்தபோது ஒரு தினாருக்கு 13⅓ ரூபாய். 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, 4.76 ரூபாயாக இருந்த டாலர் 7.50 ஆனது. டெல்லியில் எடுத்த முடிவு துபாய் வியாபாரியின் பெட்டியில் இருந்த பணத்தைக் குறைத்தது. அந்த ஆண்டிலேயே துபாயும் கத்தாரும் ரூபாயைக் கைவிட்டன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்தவர் நாணயத்தின் ஆட்டத்தை வாங்குபவர் தலையில் கட்டினால் அவர் விலகித்தான் போவார். அதனால் சாதாரண ஏற்ற இறக்கத்தை நாங்களே சுமக்கிறோம்; அந்த 3 சதவீதம் அதற்குத்தான். 2022-ல் இலங்கையில் நடந்ததை எந்த 3 சதவீதமும் தாங்காது. மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 அளவில் இருந்த அவர்கள் ரூபாய், மே மாதத்துக்குள் 350-ஐத் தாண்டியது. அப்படிப்பட்ட நேரத்தில் 'இன்றைய விலை' என்று தேதியோடு போடுவதுதான் நேர்மை.

எல்லா நாணயமும் ஒரே மாதிரி ஆடுவதில்லை. அமீரகத்தின் திர்ஹாம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று நிலையாக நிற்கிறது; சவுதி ரியால் 3.75. துபாய்க்கும் தம்மாமுக்கும் விலை போட, டாலருக்கு எத்தனை ரூபாய் என்று பார்த்தால் போதும். ரிங்கிட்டும் பவுண்டும் தம் போக்கில் போகிறவை. அவற்றைத் தனித்தனியாகத்தான் கவனிக்கவேண்டும்.

சில்லறையில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. பணம் வாங்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் தொகையைச் சில்லறையில் கேட்கும். 500 ரூபாயை 50,000 பைசா என்று அனுப்பவேண்டும். குவைத் தினாருக்கோ 1,000 ஃபில்ஸ். பஹ்ரைன் தினாருக்கும் அப்படியே, ஓமான் ரியாலுக்கு 1,000 பைசா. 100-ஆல் பெருக்கிப் பழகிய நிரல் ஆறரை தினாரை 650 என்று அனுப்பினால், பத்தில் ஒரு பங்கு விலைக்குச் சரக்கு கப்பலேறிவிடும். ஜப்பான் யென்னில் சில்லறையே கிடையாது. அங்கே நூறு மடங்கு கூடுதலாகப் பிடித்துவிடும். புது நாடு ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம் முதலில் இதைத்தான் சோதிக்கிறேன்.

குறியும் அப்படித்தான். டாலர் குறியை மட்டும் போட்டால் டொரோண்டோக்காரர் தன் டாலர் என்பார், சிங்கப்பூர்க்காரர் தன் டாலர் என்பார். 'ரூ.' என்றால் யாழ்ப்பாணத்திலும் மொரீஷியஸிலும் அவரவர் ரூபாய். நாட்டின் பெயரைச் சேர்த்து முழுசாக எழுத இடம் இல்லாத திரை எதுவும் கிடையாது.

இதைவிட முக்கியம், காட்டிய நாணயத்திலேயே பணத்தைப் பிடிப்பது. வெள்ளியில் காட்டிவிட்டு ரூபாயில் பிடித்தால், அவருடைய வங்கி தன் விகிதத்தைப் போட்டு, வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணத்தையும் சேர்க்கும். 92 என்று பார்த்தவருக்கு ஸ்டேட்மென்டில் 95 வந்தால் அவர் வங்கியைத் திட்டமாட்டார், நம்மைத்தான் திட்டுவார். அவர் வெள்ளியில் கட்ட, நமக்கு ரூபாயில் வந்து சேரும் வசதி இப்போது இருக்கிறது. இந்த வேலையைச் செய்யும் நிறுவனங்களை 2023 அக்டோபர் 31-ல் வந்த விதிகள் மூலம் ரிசர்வ் வங்கி நேரடியாகத் தன் கண்காணிப்பில் கொண்டுவந்தது.

எந்த நாணயத்தில் காட்டுவது என்பதை வாங்குபவரே தேர்ந்தெடுக்கட்டும். இருக்கும் ஊரைக் கண்டுபிடித்து மென்பொருள் தானாக மாற்றினால், லீவுக்குப் பவானி வந்திருக்கும் சிங்கப்பூர்ப் பெண்ணுக்கு ரூபாய் காட்டும். அவர் கார்டோ சிங்கப்பூர் கார்டு. அப்பாவுக்குத் துண்டு அனுப்பச் சொல்லும் முகவரியோ ஆற்றுக்கு இந்தப் பக்கம், குமாரபாளையத்தில். தேர்வு மேலேயே, கண்ணில் படும்படி இருக்கவேண்டும். ஒருமுறை தேர்ந்தெடுத்தால் மறுமுறை அப்படியே நிற்கவேண்டும்.

சரக்கு பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினால், 92 வெள்ளி கொடுத்தவருக்கு 92 வெள்ளியே போகும். இடையில் விகிதம் எப்படி மாறியிருந்தாலும் அந்த வித்தியாசம் எங்கள் கணக்குப் புத்தகத்தில் ஏறும். மாதக் கடைசியில் அந்த 3 சதவீதத்தில் என்ன மிஞ்சியது என்று பார்த்த பிறகே அடுத்த மாத விலையைப் போடுகிறேன்.