பொருளடக்கத்தில் விடுபட்ட ஒரு பெயர்



எங்கள் தண்ணீரூற்றுப் பெரியவர்களின் நினைவுகளை நாங்கள் மூன்று ஆசிரியர்கள் தொகுத்து வருவது இங்கே பலருக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டது, புத்தளத்து ஓலைக் கொட்டில், 2009க்குப் பிறகு திரும்பி வந்து பற்றைக்குள் வளவைத் தேடியது என்று 27 பேர் சொன்னார்கள். டைப் செய்தபோது 160 பக்கம் தாண்டியது.

பொருளடக்கத்தை முதலில் கையால்தான் அடித்தோம். கலாசாலையில் ஒப்படைகளுக்கும் அப்படித்தானே செய்தோம்! தலைப்பு, ஒரு வரிசை புள்ளி, பக்க எண். புள்ளிகள் ஒருநாளும் நேராக நின்றதில்லை. "கிணத்தடிக் கதையையும் சேருங்கோ மகள்" என்று ஒருவர் போன் எடுப்பார். இரண்டு பக்கம் கூடும். அதற்குக் கீழே உள்ள எண்கள் எல்லாம் பிழைத்துவிடும்.

பிறகுதான் ஒரு தம்பி வழி காட்டினார். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் அது எங்கள் கண்ணுக்கு மட்டும்தான் தலைப்பு. வேர்டுக்கு அதுவும் சாதாரண வரிதான். ஒவ்வொரு தலைப்பிலும் கேர்சரை வைத்து, ஸ்டைல்ஸில் ஹெடிங் 1 கொடுக்க வேண்டும். உபதலைப்புக்கு ஹெடிங் 2. அதன்பின் ரெஃபரன்சஸ் போய் டேபிள் ஒஃப் கொன்டென்ட்ஸை அழுத்தினால் புள்ளியும் எண்ணும் தானாகவே வந்து நிற்கும்.

எங்களுக்கு வந்து நின்றது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்! நாங்கள் அடித்தது பாமினியில். ஹெடிங் ஸ்டைல் தன்னுடைய எழுத்துருவைப் போட்டுவிட்டது. ஹெடிங் 1 மீது ரைட் கிளிக் செய்து, மொடிஃபையில் எழுத்துருவைப் பாமினியாக்கினோம். பொருளடக்க வரிகளுக்கு டிஓசி 1, டிஓசி 2 என்று தனி ஸ்டைல் இருக்கிறது, அவற்றையும் மாற்ற வேண்டும். யூனிகோடில் அடித்திருந்தால் இந்தப் பாடு இல்லை.

நாங்கள் விட்ட பிழை கடைசியில். அச்சுக்கு முதல் நாள் ஒரு உம்மம்மாவின் கதையைச் சேர்த்தோம். அப்டேட் கொடுத்தால் வேர்ட் ஒரு கேள்வி கேட்கும்: பக்க எண்களை மட்டும் மாற்றவா, முழு அட்டவணையையுமா? அவசரத்தில் முதலாவதை அழுத்தினோம். எண்கள் சரியாக வந்தன. புதிய தலைப்பு மட்டும் வரவில்லை.

மாதிரிப் பிரதியை அவரது வீட்டுக்குக் கொண்டுபோனோம். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பேத்தி பொருளடக்கத்தில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டினாள். மறுபடியும் ஓட்டினாள்.

"பொத்தகத்திலயும் பேர் இல்லையா மகள்?" என்றார் உம்மம்மா.

அந்த 'யும்' எங்கள் மூவருக்கும் விளங்கியது. மீள்குடியேற்றப் பதிவுக்காக எத்தனை வாசலில் நின்றவர் அவர். கதை உள்ளே 141ஆம் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டினோம். தலையாட்டினார், அவ்வளவுதான்.

அன்றிரவே முழு அட்டவணையையும் புதுப்பித்தோம். இப்போது ஒவ்வொரு பெயரையும் பேனையால் சரி போட்டுப் பார்த்த பிறகுதான் ப்ரின்ட் கொடுக்கிறோம். நீங்களும் எஃப் 9 அழுத்தும்போது இரண்டாவதையே தெரிவுசெய்யுங்கள்.

புதிய பிரதியில் பேத்தி அவரது பெயரைச் சத்தமாக வாசித்தாள். "எனக்கு மேல ஆர் இருக்கிறது?" என்று கேட்டார். சொன்னோம். "அவ எங்கட பக்கத்து வளவு" என்றார்.