உண்மை சொன்னால் சினம் ஏன்?

சில ஆண்டுகளுக்கு முன், சுங்காய் வட்டாரப் பள்ளியொன்றில் மதிப்பீட்டு அறிக்கை வழங்கும் நாள். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தையிடம், "உங்கள் மகன் இன்னும் உயிர்மெய் எழுத்துகளிலேயே தடுமாறுகிறான். வாசிக்க வரவில்லை" என்றேன்.

"நீங்க ஒழுங்காச் சொல்லிக் கொடுத்தா அவன் ஏன் சார் தடுமாறுறான்?"

கையொப்பமிடாமலே எழுந்து சென்றுவிட்டார். மகன் அருகில்தான் நின்றிருந்தான். ஆறேழு பெற்றோர் பின்னால் காத்திருந்தனர். நான் கூறியதில் பொய் ஒன்றுமில்லையே என்று எனக்கும் சினம்.

மாலையில் என் தந்தையாரிடம் குறைபட்டுக்கொண்டேன். அவர் பால்மரம் வெட்டியவர். கத்தி சற்று ஆழ இறங்கினால் மரத்தில் காயம் விழும். புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பிறகு அவ்விடத்தில் ஒழுங்காக வெட்ட இயலாது. அக்காயத்தைச் சுட்டிக்காட்ட வேண்டியதுதான். ஆனால், அது விடியற்காலைப் பெரட்டில், எல்லார் முன்னிலையிலும் பெயர் சொல்லி ஏச்சாக வரும்.

"கங்காணி சொன்னது பொய்யில்லப்பா. ஆனா அதக் கேட்டப்புறம் கத்திய ஒழுங்காப் பிடிக்கணும்னு தோணாது. அந்த ஆளு மொகத்துல முழிக்கக் கூடாதுன்னுதான் தோணும்" என்றார்.

தோட்டங்கள் பல இன்று செம்பனையாகிவிட்டன. ஆயினும், மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்து குறை சொல்பவரின் குரல் நம் மக்கள் காதில் இன்னும் கங்காணியின் குரலாகவே விழுகிறது போலும்.

எல்லாச் சினமும் இவ்வாறு அவமானத்தால் பிறப்பதன்று. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் பேசினார். அவரை நாட்டுக்குள் விடவே கூடாதென்று வைதிகர் சிலர் முன்னதாகவே எதிர்ப்புக் கிளப்பினர். சாதி கூடாது என்றவர் அவர். லயங்களில்கூடச் சாதி பார்த்துக் குடிவைத்த காலம் அது. அப்படி எதிர்த்தவர்களுக்குக் காத்துக்கொள்ள ஓர் உயர்ந்த இடம் இருந்தது. மூன்றாம் ஆண்டு மாணவனின் தந்தைக்கு அப்படி என்ன இருந்தது? மகன் கண்ணெதிரே சற்று மதிப்பு. அதைத்தான் நான் பறித்தேன்.

சரி, என் சினம் எவ்வகை? அன்றிரவு வாசிப்புப் பதிவேட்டைப் புரட்டினேன். பின்வரிசையில் அமர்ந்திருந்த அச்சிறுவனின் பெயருக்கு நேரே மூன்று மாதங்களில் இரண்டே குறிப்புகள்! முன்வரிசைப் பிள்ளைகளுக்கோ வாரந்தோறும் இருந்தன. அவர் கேட்டது சரியான கேள்வி. ஆசிரியர் என்னும் என் இடத்தைக் காக்கத்தான் நான் சினந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மறுவாரம் அவர் வீட்டுக்குச் சென்றேன். பதிவேட்டையும் எடுத்துச் சென்று, அந்த இரண்டு குறிப்புகளையும் காட்டினேன். நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவனுக்குப் படிக்க வரலைன்னு எனக்கு முன்னாடியே தெரியும் சார். எனக்கே சரியா வராது. யாருகிட்டப் போய்ச் சொல்றது?" என்றார்.

அவர் மனைவி தேநீர் கொண்டுவந்தார். சிறுவனை அழைத்து என் பக்கத்தில் உட்காரச் சொன்னோம். தந்தையும் நாற்காலியை நகர்த்தி அருகில் வந்தமர்ந்தார். 'கெ' வரிசையிலிருந்து தொடங்கினோம்.