ஒரு அடிக்குப் பன்னிரண்டு அடி

எஸ்.டி.டி. பூத் என்றால் இப்போது பிள்ளைகளுக்குத் தெரியாது. தொண்ணூறுகளில் அந்த பூத்துகளை மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை கொடுத்து ஒதுக்கினார்கள். எங்கள் மாமாவுக்கும் அப்படித்தான் தென்காசிப் பக்கம் ஒன்று கிடைத்தது. சின்ன வயதில் போலியோ. வலது காலில் காலிப்பர், அக்குளில் ஊன்றுகோல். கடைக்கு ரோட்டிலிருந்து இரண்டு படி. போன் லைன் வருவதற்கு முன்பே கொத்தனாரைக் கூப்பிட்டு அந்தப் படிகளை உடைக்கச் சொன்னார் மாமா.

“நாலடி சரிவு போதும் அண்ணாச்சி. பைக்கே ஏறிரும்லா.”

“பைக்குல இன்ஜின் இருக்குல்லா. எனக்கு எங்கலே இருக்கு?”

ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று சாதித்தார். ரோட்டை மறிக்காமல் சுவரோரமாகவே நீளவாக்கில் போட்டு, ஒரு பக்கம் இரும்புக் குழாயில் கைப்பிடியும் வைத்தாயிற்று. பம்பாயில் இருக்கும் மகனுக்குப் பேச வரும் ஆச்சிமார் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார்கள். மூட்டுவலிக்குப் படியைவிட அதுதான் தோதாம்.

அந்தக் கணக்கை மாமா படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆய்க்குடியில் பார்த்துவிட்டு வந்தார். கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து 1975இல் கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோன எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் தன் சொந்த ஊரில் தொடங்கியது அமர் சேவா சங்கம். அங்கே ஒருவர் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வகுப்புக்கும் சாப்பாட்டுக்கும் போய்வருவதை மாமா அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாராம். “யாரும் யாரையும் தூக்கல பாத்தியா” என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தூக்குவது என்றதும் கல்யாண மண்டபங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. நம் ஊர் மண்டபங்களுக்குத் தரையிலிருந்து மூன்றடி உயரம் இல்லாவிட்டால் கௌரவம் வராது. வாசலில் அகலமாக ஆறு படி, உள்ளே மேடைக்கு நாலு படி, பந்தி மாடியிலோ அண்டர்கிரவுண்டிலோ. மாமா வந்து இறங்கினால் வாசலில் நிற்கும் இளவட்டங்கள் ஓடி வருவார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் நாலு காலைப் பிடிப்பார்கள். மாமா ஒரு கையால் நாற்காலியையும் இன்னொரு கையால் வேட்டியையும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். பிள்ளைகள் பாசமாகத்தான் செய்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் மேலே போய் இறக்கியதும், “நாலு பேரு தூக்குறதுக்குன்னு ஒரு நாளு வரும்லா, அது வரைக்கும் பொறுக்க மாட்டானுவளே” என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அத்தை மட்டும் சிரிக்க மாட்டாள்.

கல்யாணத்துக்குப் போகிற அன்று காலையிலிருந்து அவர் தண்ணீர் குடிக்க மாட்டார். இது எனக்கு வெகு காலம் தெரியாது. மண்டபத்துக் கழிவறைக்கும் ஒரு படி உண்டு, ஈரத்தரை, உட்கார்ந்து எழ முடியாத பேசின், ஊன்றுகோலோடு உள்ளே போனால் சாத்த முடியாத கதவு. பிறகு பிறகு மொய்க் கவரை என் கையில் கொடுத்தனுப்பிவிடத் தொடங்கினார். சொந்தக்காரர்களின் ஆல்பங்களைப் புரட்டினால் மணமக்களோடு மேடையில் மாமா நிற்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது.

இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்ட குழந்தை. அதோடு அந்தக் கதை முடிந்ததாக நினைக்கிறோம். போலியோ கண்ட தலைமுறை இப்போதுதான் வயதாகிக்கொண்டிருக்கிறது. இளமையில் கைகளை ஊன்றி எந்தப் படியையும் ஏறியவர்களுக்கு இன்று தோள்பட்டை ஒத்துழைப்பதில்லை. மாமாவும் ஐம்பதுக்கு மேல் காலிப்பரை விட்டு சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார்.

சாய்தளமே இல்லை என்று சொல்ல முடியாது. தேர்தல் புண்ணியத்தில் பள்ளிக்கூடங்களுக்கு வந்தது. வாக்குச்சாவடிக்குக் கட்டாயம் என்றதும், மரப்பலகையோ சிமென்ட்டோ ஏதோ ஒன்று முளைத்தது. அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைக்காக அது ஏன் முன்பே வரவில்லை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மண்டபங்களில் இருப்பவையோ மூன்றடி உயரத்துக்கு ஆறடிச் சரிவு. முறைப்படி முப்பத்தாறு அடி வேண்டும், நடுவில் நின்று மூச்சுவாங்கச் சமதளமும் வேண்டும். ஆறடிச் சரிவில் சமையல்காரர் அண்டாவை இறக்கலாம். நாற்காலியை இறக்கினால் ஆள் குப்புற விழுவார். அதன் வாயில் வாழை மரத்தைக் கட்டிவிடுவதோ ஜெனரேட்டரை நிறுத்திவிடுவதோ வேறு.

மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காகக் கடலருகே வரை மரப்பாதை போட்டார்கள். பிறந்ததிலிருந்து சென்னையிலேயே இருந்தும் அலையைத் தொடாதவர்கள் அன்று தொட்டார்கள். டிசம்பரில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டபோது, வீண்செலவு என்று கேலி செய்தவர்களும் உண்டு. புயல் எத்தனையோ சாலைகளை அரித்திருக்கிறது, சாலையே வேண்டாமென்று யாராவது சொன்னார்களா? பாதையைச் சரிசெய்து திரும்பவும் திறந்தார்கள்.

மாமாவின் பூத் பிறகு ஜெராக்ஸ் கடையானது. இப்போது மகன் நடத்துகிறான். ரோடு அகலப்படுத்தியபோது கடையின் முகப்பே போனது. திரும்பக் கட்டும்போது சரிவை அதே பன்னிரண்டு அடிக்குத்தான் போட்டான். பக்கத்து மருந்துக் கடைக்கு இன்னும் மூன்று படி. வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் கீழே நின்றே சீட்டை நீட்டுகிறார்கள்.

சட்டத்தில் குறையில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தனியார் மண்டபத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது: அணுகல் விதிகளுக்குப் பொருந்தாத வரைபடத்துக்கு அனுமதி தரக் கூடாது, கட்டி முடித்தாலும் நிறைவுச் சான்றிதழ் தரக் கூடாது. பழைய பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய ஐந்தாண்டு கெடு. அது 2022லேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இந்த விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்குங்கள் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டத்தை முதல் முறை மீறினால் அபராதம் 10,000 ரூபாய் வரை. மேடைப் பூ அலங்காரத்துக்குக்கூடக் காணாது.

அதனால் முதலாளிகள் அபராதத்துக்குப் பயப்படப் போவதில்லை, முன்பணத்துக்குப் பயப்படுவார்கள். மண்டபம் பேசப் போகும்போது ஏ.சி. உண்டா, எத்தனை கார் நிற்கும் என்று கேட்கிறீர்கள் அல்லவா? சரிவு எத்தனை அடி, கழிவறைக் கதவு மூன்றடி இருக்கிறதா, மேடைக்கு எப்படி ஏறுவது என்பதையும் கேளுங்கள். “தூக்கி விட ஆள் இருக்கு” என்று பதில் வந்தால், முன்பணத்தைக் கொடுக்காமல் எழுந்து வாருங்கள்.