டார்கெட்டைத் தூக்கு!

திருச்சி ஆபீஸ்ல பக்கத்து சீட் தம்பியோட லேப்டாப்ல டிஸ்க் ஃபுல். 40 மாட்யூல், ஒவ்வொண்ணுலயும் மேவன் பில்டு கொட்டி வச்ச டார்கெட் ஃபோல்டர்.

"எம்விஎன் க்ளீன் அடிங்கப்பா"ன்னு சொல்வீங்க. அடிச்சாச்சு மக்கா. மேல இருக்கிற பாம் ஃபைல்ல பேர் உள்ள மாட்யூலை மட்டும்தான் அது தொடும். ப்ராஞ்ச் மாறினா, பழைய ப்ராஞ்ச்சோட டார்கெட் எல்லாம் அனாதையா அங்கேயே கிடக்கும். கிட்டும் கண்டுக்காது.

சரின்னு, ஃபைண்ட் வச்சு டார்கெட்டை எல்லாம் தேடி அழிக்கிற குட்டி ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஸ்ரீரங்கத்துல எங்க பாட்டி, போகிக்குப் பழசு கழிக்கிறப்ப ஒவ்வொரு மூட்டையையும் பிரிச்சுப் பாக்காம வாசல் தாண்ட விடமாட்டாங்க. அந்தப் பழக்கம், முதல்ல அழிக்காம லிஸ்ட் மட்டும் போடச் சொன்னேன்.

பாத்தா, சோர்ஸ் இருக்கிற எஸ்ஆர்சிக்குள்ள ஒரு டார்கெட்! தம்பி ஜாவா பேக்கேஜுக்கு வச்ச பேராம். ரெண்டு நாள் உழைப்பு, கமிட்டே பண்ணலை. போயிருந்தா கிட்டாலயும் மீட்க முடியாது.

எஸ்ஆர்சி பக்கமே போகாதேன்னு ஒரு ப்ரூன் போட்டேன். டார்கெட்டுக்கும் ப்ரூன் வேணும். இல்லேன்னா அழிச்ச ஃபோல்டருக்குள்ள நுழையப் பாத்துட்டு 'அப்படி ஒண்ணு இல்லையே'ன்னு ஃபைண்ட் புலம்பும்.

இப்ப டிஸ்க்ல தாராளமா இடம். தம்பி கமிட் பண்ணிட்டிருக்கான் :-)